எட்டுப் பேர் தெரு

இந்த நகரத்தில் சுவர்களுக்கு வாய் அதிகம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற பத்து நிமிடத்தில் நான்கு பலகைகளைக் கடக்கிறேன். இங்கே கயிறு திரித்தார்கள், அதனால் இது ரோப் வாக். இங்கே கப்பலிலிருந்து உப்பு இறக்கினார்கள், அதனால் இது சால்ட் லேன். எவனோ ஒரு கப்பல் தலைவன் ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்கினானாம், அதற்கும் ஒரு நீலப் பலகை. இரண்டு இரவு! வந்த புதிதில் இதையெல்லாம் படித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போதும் வருகிறது. ஆனாலும் படிக்காமல் போக முடியவில்லை.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஊர் இது. பெயரைச் சொல்ல மாட்டேன். நான் வேலை பார்க்கிற வீடுகள் இங்கேதான் இருக்கின்றன. வயதானவர்களின் வீட்டுக்குப் போய் குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, சாப்பாடு சூடாக்கிக் கொடுத்து, அங்குள்ள நோட்டில் என் பெயரையும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். முதல் வீடு கார்ட்ரிட்ஜ் ரோ என்ற தெருவில். அங்கே பார்பரா இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து நடமாட்டம் குறைந்த பிறகும், அந்தத் தெருவின் வரலாற்றை எழுதுகிறேன் என்று சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம் பரப்பி வைத்திருப்பார்.

அந்தத் தெருவுக்குப் பெயர் வந்த கதையை அவர் சொன்ன நாள் எனக்கு மறக்காது. அந்தக் காலத்தில் போர்க்கப்பல் பீரங்கிகளுக்கு வேண்டிய வெடிமருந்தை இந்தத் தெருவில்தான் பொட்டலம் கட்டினார்களாம். அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் கார்ட்ரிட்ஜ். வேலை பார்த்தவர்கள் பெண்கள். ஒருநாள் வெடித்துவிட்டது. ஆறு பெண்கள் செத்தார்கள். பெயர் தெரியாது. அவர்களுக்காக ஒரு பலகை வைக்கச் சொல்லி பார்பரா நகராட்சிக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார். ஆதாரம் இல்லாமல் முடியாது என்று அவர்களும் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

"வேலைக்கு வந்தவர்களின் பதிவேடு கிடைத்தால் போதும்" என்றார். "பதிவேடு பொய் சொல்லாது."

நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

என் ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கம். மழையை நம்பிய புஞ்சையில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள், மழை ஏமாற்றியதும் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போனோம். எங்கள் தெருவுக்கு முதலில் பெயரே கிடையாது. காலையில் கம்பெனி வேன்கள் தெரு முனையில் வந்து நிற்கும் என்பதால் வேன் தெரு என்றார்கள். பிறகு ஒரே வேனில் போன எட்டுப் பெண்கள் ஒரே நாளில் கம்பெனியில் வெடித்துச் செத்தார்கள். அதிலிருந்து எட்டுப் பேர் தெரு. யாரும் கூட்டம் போட்டு வைத்த பெயர் இல்லை. ரேஷன் கடைக்காரர் அப்படிச் சொன்னார், தபால்காரர் சொன்னார், பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் "எட்டுப் பேர் தெரு எங்கன இருக்கு?" என்று கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையை நீட்டிக்கொண்டு கேட்பார்கள். நாங்களும் கைகாட்டி விடுவோம்.

அந்த எட்டில் ஒருத்தி என் தங்கச்சி பாண்டிச்செல்வி. பத்தொன்பது வயது.

அவள் அந்தக் கம்பெனி ஆளே இல்லை. நான்தான் அங்கே மருந்து அடைக்கிற வேலை பார்த்தேன். தீபாவளி சீசனில் ஒருநாள் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், அப்புறம் வேனில் இடம் கிடைக்காது. அதனால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்குப் போக முடியாவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருத்தி அவள் பெயரில் போவாள். போர்மேன் நோட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார், எவளாவது "இருக்கேன்" என்றால் டிக் போட்டுவிடுவார். அவருக்கு வேண்டியது ஒரு பெயரும் இரண்டு கையும். அன்று நான் பாஸ்போர்ட்டுக்காக மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. செல்வி என் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நாந்தான் முத்துமாரி. மரியாதையா என்னைய அக்கான்னு கூப்பிடு."

"போடி, மொதல்ல தலையச் சீவு. என்னையத்தான் சிக்குத்தலைன்னு பேசுவாக."

"நீ மதுரையில தொலஞ்சு கிலஞ்சு போயிராத. காலம் பூரா நானே ரெண்டு ஆளு வேலை பாக்க முடியாது."

சாயங்காலம் சாத்தூரில் பஸ் மாறும்போதே வெடிவிபத்துப் பேச்சு காதில் விழுந்தது. தெருவுக்குள் நான் நுழைந்தபோது எங்கள் வாசலில் பெண்கள் கூடி, என் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி நோட்டிலிருந்து வந்த பெயர் அதுதான். "அது முத்துமாரி இல்ல, எஞ் செல்வி" என்று அம்மா நடுவில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்த பிறகுதான் ஒப்பாரி நின்றது. பிறகு பெயரை மாற்றி மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

மரணச் சான்றிதழில் செல்வி பெயர் சரியாக இருக்கிறது. உடலை அம்மா அடையாளம் காட்டினாள், காலில் இருந்த தழும்பை வைத்து. கம்பெனி நோட்டை மட்டும் யாரும் திருத்தவில்லை. இப்போது பஞ்சாயத்தில் தெருவுக்கு அதே பெயரை முறைப்படி வைத்து, முனையில் எட்டுப் பெயரோடு கல் நடப்போகிறார்கள் என்றதும் நான் சந்தோஷப்பட்டேன். என் தங்கச்சிக்கும் ஒரு பலகை. பிறகு தம்பி கருப்பசாமி கல்லின் போட்டோவை அனுப்பினான். மூன்றாவது பெயர் முத்துமாரி.

உடனே போன் போட்டேன். அவன் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். பின்னால் மெஷின் சத்தம்.

"ஏலே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நான் செத்துட்டேனாலே?"

"எக்கா, கத்தாத. கல்லு கம்பெனி குடுக்குறது. அவுக நோட்டுல உள்ளதத்தான் வெட்டிருக்காக."

"சர்ட்டிபிகேட்டக் காட்டுனியா?"

"காட்டாம இருப்பனா? அது வேற, இது வேறன்னுட்டாக. பேர மாத்துனா, அன்னைக்கு ஆள் மாத்தி உள்ள விட்டத அவுகளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல."

"அப்ப நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சண்டை போடு."

அவன் மெஷினை விட்டுத் தள்ளி வந்தான். "எம் பொண்டாட்டி அந்த வேன்லதாம்க்கா போறா. அங்கன இருந்துக்கிட்டு நீ கோவப்படலாம். இங்கன நாங்க இருக்கணும்ல."

பஞ்சாயத்து உறுப்பினரிடமும் பேசினேன். "உம் பேரு கல்லுல இருக்குறதுக்கு எதுக்குத் தாயி இம்புட்டுக் கோவம்? நீ நல்லாத்தான இருக்க" என்றார். நல்லாத்தான் இருக்கிறேன். அதுதானே பிரச்சினை.

மனசு கேட்காமல் பார்பராவிடம் சொன்னேன். என் இங்கிலீஷில், என் தெருவில் ஒரு கல்லில் என் பெயர் வைக்கிறார்கள் என்றேன். அவர் கையைத் தட்டினார். "எவ்வளவு பெரிய கௌரவம்! உன் குடும்பம் பெருமைப்படும்." செத்தவர்களின் கல் அது, அந்தப் பெயரில் செத்தது என் தங்கச்சி என்று முழுவதும் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவர் முகம் மாறியது. வழக்கம்போல அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தைச் சொன்னார்: "ஆதாரத்தோடு ஒரு கடிதம் எழுது." அவரே உட்கார்ந்து டைப் அடித்தார். நான் சான்றிதழின் நகலை வைத்து, கம்பெனிக்கும் பஞ்சாயத்துக்கும் அனுப்பினேன். அன்றே அவர் தன் நகராட்சிக்கும் இன்னொரு கடிதம் எழுதினார். அவருக்கு முடியாது என்று பதில் வந்தது. எனக்கு அதுவும் வரவில்லை.

கல்லை நட்டுவிட்டார்கள். மாலை போட்ட போட்டோ வந்தது. என் தம்பி மகள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வீடியோ காலில் கேட்டாள், "அத்தே, நீ செத்துட்டியா?" கருப்பசாமி அவள் வாயைப் பொத்தி போனைப் பிடுங்கினான். "இல்ல கண்ணு, இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான், போர்மேன் நோட்டுக்கு செல்வி சொன்ன வார்த்தையும் அதுதான் என்று உறைத்தது.

மறுநாள் காலை கார்ட்ரிட்ஜ் ரோவில் பார்பராவைக் குளிக்க வைத்து, தலைவாரி, கஞ்சி கொடுத்துவிட்டு நோட்டை எடுத்தேன். பெயர்க் கட்டத்தில் பாண்டிச்செல்வி என்று எழுதினேன். பார்பரா எட்டிப் பார்த்தார். மாதம் முடிந்து நோட்டு ஆபீசுக்குப் போனதும் போன் வந்தது. "இது யார்? எங்கள் பட்டியலில் இப்படி ஒரு ஆள் இல்லையே." இல்லைதான் என்றேன். திருத்தச் சொன்னார்கள். வேலை போய்விடும் என்றும் சொன்னார்கள். நான் இன்னும் திருத்தவில்லை.

அங்கே கல்லில் நான் செத்துக் கிடக்கிறேன். இங்கே, வெடித்துச் செத்த பெண்களின் தெருவில், ஒரு நோட்டில், என் தங்கச்சி காலை ஏழே காலுக்கு வேலைக்கு வந்து, வேலையை முடித்து, எட்டு மணிக்கு வெளியே போயிருக்கிறாள்.