குளித்த காசு

அய்யம்பெருமாளிடம் பழைய நாணயம் காட்டப் போகிறவர்கள், முந்தின நாளே அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு போவார்கள். பெண்பார்க்க வருகிறார்கள் என்ற நினைப்பு. அவர் லென்ஸை வைத்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "குளிச்சது" என்பார். அவ்வளவுதான். பழைய வெள்ளிக்கு மதிப்பே அதன்மேல் வருஷக்கணக்கில் தானாக ஏறிய கருநீலம். அது போனால் காசு அசலாக இருந்தும் தரம் கிடையாது.

கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் எழுத்தராக இருந்தவர். அங்கே அவர் சொல்லை ஒருவரும் மதித்ததில்லை. ஓய்வுபெற்றதும் வடசேரியில் ஒரு வளையல்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, அந்தக் குறையை ஊரார் காசுகள்மேல் தீர்த்துக்கொண்டார். கூலி வாங்குவதில்லை, ஆகவே மரியாதையாகப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

குலசேகரம் மகேஷ்குமாருக்கு ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை உண்டு. கழுவின காசு ஒன்றை அதில் ஒரு மாதம் தொங்கவிட்டுக் கறுப்பேற்றிக் கொண்டுவந்தான். அய்யம்பெருமாள் அதை மூக்கருகே கொண்டுபோனார். "இது காசா, ரப்பர் ஷீட்டா மக்கா?" மாடியில் பத்துப் பேர் இருந்தார்கள். மகேஷ்குமார் பிறகு படியேறவில்லை.

இதற்குள் மும்பை நிறுவனம் ஒன்று, காசைச் சோதித்து எழுபதுக்கு இத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தர ஆரம்பித்தது. காசு சேர்க்கும் பையன்கள் அதைத்தான் நம்பினார்கள். பெட்டிக்குக் கண் உண்டா என்று அய்யம்பெருமாள் ஏளனம் செய்தார். செய்துகொண்டே, தன்னிடமிருந்த திருவிதாங்கூர் அரை ரூபாயை அங்கே அனுப்பவும் தீர்மானித்தார். முப்பது வருஷம் தாளில் மடித்துக் கைபடாமல் வைத்திருந்த காசு. தாளின்மேல் 'அறுபத்து நான்கு' என்று அவரே எழுதியிருந்தார். மும்பையும் அதையே சொல்லிவிட்டால் அவர் கண்ணும் பெட்டியும் ஒன்று. ஊர் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

காசைக் கழுவாதீர்கள் என்று பாதி மாவட்டத்துக்குச் சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டது மனைவி நாகம்மையிடம் மட்டும். காசு விஷயம் வீட்டில் பேசத்தக்கதல்ல என்பது அவர் கொள்கை.

சித்திரை விஷுவன்று விடியலில், கனி காண நாகம்மை அவர் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து திறந்தாள். கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், கண்ணாடி. உருளி நிறைந்த அரிசியின் உச்சியில், வெள்ளை வெளேரென்று அந்த அரை ரூபாய்.

"என்னட்டி செய்த?"

"புளித்தண்ணியில போட்டு எடுத்தேன். கறுத்துக் கெடந்துது. குளிக்காத காசையா கனியில வைக்கச் சொல்லுகியோ?"

விஷுவன்று கோபப்பட்டால் வருஷம் முழுக்கக் கோபம்தான் என்பார்கள். அவர் விழுங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் குலசேகரம் பஸ் ஏறினார். மகேஷ்குமார் சிரித்திருந்தால் தேவலை, சிரிக்கவில்லை. காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குளிச்சதா, சாரே?" என்றான். அய்யம்பெருமாள் தலையாட்டினார்.

"பயப்படாண்டாம். பம்பாய்க்காரனை ஏமாத்திரலாம். சாரைத்தான் ஏமாத்த முடியாது."

காசு புகைப்புரையில் தொங்கிக் கறுத்து, மும்பைக்குப் போய், ஆடியில் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. அறுபத்து நான்கு. பையன்கள் கைகுலுக்கினார்கள், ஒருவன் போட்டோ எடுத்தான். பெட்டிக்குக் கண் கிடையாது என்று அவர் இத்தனை காலம் சொல்லிவந்தது நிரூபணமாகிவிட்டது; நிரூபித்த விதத்தைத்தான் வெளியே சொல்ல முடியவில்லை. அந்தக் காசை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லி யாராவது கேட்டால், கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்கிறார்.

போன சனிக்கிழமை மகேஷ்குமார் மறுபடி படியேறினான். கையில் நான்கு காசுகள். நான்கும் நல்ல கறுப்பு. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அய்யம்பெருமாள் ஒவ்வொன்றாக எடுத்தார். எதையும் மூக்கருகே கொண்டுபோகவில்லை.

"அசல்தான்" என்றார்.

அது பொய்யும் இல்லை.