பல் பிடுங்கப் போய்த் தூங்கிவிட்டு வந்தேன்

கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், போன தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நடந்தவை வரிசைப்படி:

1. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள, காலை ஏழரை மணி பஸ்ஸில் நாமக்கல்லுக்குப் புறப்பட்டேன்.
2. பஸ் நேரத்துக்கு நாமக்கல் போய்ச் சேர்ந்தது.
3. நானும் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தேன்.
4. ஆனால் நாமக்கல்லை நான் பார்க்கவில்லை.
5. மதியம் ஒரு மணிக்கு அதே பல்லோடு செம்மேட்டில் இறங்கினேன்.

என் மகளுக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. பேச்சு இல்லை. பிடிக்காதது நடந்தால் தன் கையையே கடித்துக்கொள்வாள். கதவு திறந்திருந்தால் கிளம்பிப் போய்விடுவாள். ராத்திரியில் நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம். அவள் விழித்திருக்கும்போது நானும் விழித்திருப்பேன். கணவருக்கு இங்கே அரசு அலுவலகத்தில் வேலை. நான் சிவில் படித்தவள். வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். மகளை ஒரு மணி நேரம்கூட நான் யாரிடமும் விட்டதில்லை. கணவரிடமும்தான். "உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிச் சொல்லியே அவரை வாசலோடு நிறுத்தி வைத்திருந்தேன்.

அந்தப் பல் நாலு மாதமாக வலித்தது. கிராம்பு, உப்புத் தண்ணீர், மாத்திரை என்று ஓட்டினேன். கடைசியில் கன்னம் வீங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் சீழ் தாடைக்குப் பரவும் என்று டாக்டர் போனிலேயே கண்டித்தார். கணவருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள். சாமையும் மிளகும் விவசாயம்.

"அதுக்கென்னங்கக்கா, விட்டுட்டுப் போங்க" என்றாள்.

அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஆளா நான்? உட்கார்ந்து குறிப்பு தயாரித்தேன். மொத்தம் முப்பத்தெட்டு. சாதம் எந்தத் தட்டில், தண்ணீர் எந்த டம்ளரில், அழுதால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தால் அமைதியாவாள் என்று எல்லாவற்றையும் மூன்று பக்கம் தட்டச்சு செய்து, லேமினேட் போட்டுக் கொடுத்தேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்கக்கா இது, ரேஷன் கடை போர்டாட்டம் இருக்குது?"

மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. முதல் வளைவு வந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது செம்மேடு பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. அதே டீக்கடை, அதே வாழைத்தார் குவியல். வண்டி கிளம்பும் முன்பே கண்ணயர்ந்துவிட்டேன் போல என்று நினைத்தேன்.

"என்னங்க, இன்னும் வண்டி எடுக்கலையா? பதினோரு மணிக்கு நான் டாக்டரைப் பார்க்கணும்" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"எடுத்து, போயிட்டு, வந்தாச்சுங்க அம்மிணி" என்றார்.

"எங்கே போயிட்டு?"

"நாமக்கல்லுக்குங்க. உங்களையும் கூட்டிக்கிட்டுத்தான்."

என் விரலிடுக்கில் டிக்கெட் இருந்தது. நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்கு. பஸ்ஸில் மிச்சமிருந்த ஏழெட்டுப் பேர் இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுப்பியிருக்கக் கூடாதா?"

"எழுப்பாமலா? காரவல்லியில ஒருக்கா எழுப்புனேனுங்க, சேந்தமங்கலத்துல ஒருக்கா. நாமக்கல்லுல ஒரு அம்மா உங்க தோளைப் புடிச்சு உலுக்குச்சு. நீங்க கண்ணையே தொறக்காம வாயில வெரலை வெச்சு, 'சத்தம் போடாதீங்க, பாப்பா இப்பத்தான் தூங்குறா'ன்னீங்க. எந்தப் பாப்பான்னு நாங்க சீட்டுக்கு அடியிலயெல்லாம் தேடிட்டோம்!"

டிரைவரும் திரும்பினார். "அதுக்கப்புறம் இவரு விசிலே ஊதலீங்க. தகரத்தைத் தட்டித்தான் வண்டிய எடுக்கச் சொன்னாரு. வளைவுல ஹாரன் மட்டும் அடிக்காம முடியல. மனசுல வெச்சுக்காதீங்க."

"எழுபது வளைவு, போக ஒருக்கா வர ஒருக்கா. கீழ்நாட்டு ஆளுங்க எல்லாம் எலுமிச்சம்பழத்தை மூக்குல வெச்சுக்கிட்டு வருவாங்க. அசையாம தூங்குன ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேனுங்க" என்றார் கண்டக்டர், ஏதோ நான் பரிசு வாங்கியது போல.

பக்கத்து சீட்டு அம்மா மெதுவாகச் சொன்னார்: "தலை கண்ணாடியில இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் என் துணி மூட்டையை வெச்சேன். எந்திரிச்சுட்டீங்கன்னா குடுங்க சாமி, ஊட்டுக்குப் போகோணும்."

எனக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்து வெட்கம் வந்தது. பல் வலி மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் மகள் ஞாபகம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. போனைப் பார்த்தேன். தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டு வாசலில் அந்தப் பெண் வியர்த்து வழிய, முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் எதிரே சாக்கில் உட்கார்ந்து, காற்றில் பறக்கும் தூசியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில எட்டரைக்கே கரண்டு போயிருச்சுங்கக்கா. ஃபேனு நின்னதும் பாப்பா கையைக் கடிக்க ஆரம்பிச்சுது. உங்க அட்டையை முழுசாப் படிச்சேன். கரண்டு போனா என்ன பண்றதுன்னு அதுல இல்லவே இல்லை."

வாரத்துக்கு நாலு நாள் மின்சாரம் போகும் ஊரில், முப்பத்தெட்டு குறிப்பு எழுதியவள் அதை விட்டிருக்கிறேன்!

"எனக்குப் பயமாப் போச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம பாப்பாவைப் பக்கத்துல உக்கார வெச்சு சாமையைப் புடைச்சேன். டக்குனு கையை எடுத்துருச்சு. ஆனா நிறுத்தவே விடமாட்டேங்குது. நிறுத்துனா முறத்தைப் புடிச்சு ஆட்டுது. ஒரே சாமையை ஆறு தடவை புடைச்சாச்சு. இனிப் புடைச்சா தானியமே பறந்துரும். ஏனுங்கக்கா, மூணு மணிக்குத்தான வாரேன்னீங்க? பல்லு எங்க?"

"வாயிலதான் இருக்கு" என்று நடந்ததைச் சொன்னேன்.

முறத்தைப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் முறத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "இந்த அஞ்சு மணி நேரத்துக்கே எனக்குத் தோள்பட்டை கழண்டு போச்சு. நீங்க எத்தனை வருசமாக்கா?"

"ஏழு."

அவள் புடைத்துக்கொண்டே தாடையால் என் வீட்டைக் காட்டினாள்.

"மூணு மணிக்கு இன்னும் நேரம் கெடக்குது. ஊட்டுக்குப் போயி படுங்க."

"பஸ்ஸிலேயே அஞ்சு மணி நேரம் தூங்கிட்டேனே!"

"அது பஸ்ஸு. இது கட்டிலு. போங்கக்கா, எங்கூட்டுக்காரரைக் கூப்புட்டுக்கறேன். இன்னொரு முறம் இருக்குது."

போய்ப் படுத்தேன். குற்றவாளி மாதிரி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியே புடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்காதவரை மகள் நன்றாக இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே கிடந்தவள், எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

அடுத்த வியாழன் மறுபடியும் கிளம்பினேன். கண்டக்டர் என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, பஸ்ஸில் இருந்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார். மலையடிவாரம் வரை ஆள் மாற்றி ஆள் என்னிடம் பேசினார்கள். ஒருவர் தன் மரவள்ளிக்கிழங்குக்கு வந்த நோயை நாற்பது வளைவுக்கு விளக்கினார். இந்த முறை பல்லைப் பிடுங்கியாயிற்று.

ஒரே தூணின் மேல் மொத்தத் தளத்தையும் நிறுத்தி யாராவது வரைபடம் கொண்டுவந்தால், நான் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவேன். என் வீட்டை நானே அப்படித்தான் வரைந்து வைத்திருந்தேன். அதைப் பாசம் என்று நினைத்தேன். பாதி பாசம்தான், மீதி, நான் இல்லாமல் ஆகாது என்ற கர்வமும், ஆகிவிடுமோ என்ற பயமும்.

இப்போது வியாழன் மதியம் மகள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு மதியம் அவளோடு அவள் அப்பா இருக்கிறார். அவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதியை அவள் தன் கையைக் கடித்துக் காட்டியே கற்றுக்கொடுத்துவிட்டாள். அந்த இரண்டு மதியங்களும் நான் கதவை முழுசாகச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன்.