பயில்வான் தள்ளிய பஸ்

இன்று காலை தேனியிலிருந்து கம்பம் போகிற பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் கேஸ் பஸ்ஸில் என் பக்கத்தில் அந்தப் பயில்வான் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் கம்பத்தில் அவருக்குக் குஸ்தி. வழியெல்லாம் அவர் படம் ஒட்டாத சுவர் இல்லை.

சின்னமனூர் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது.

"எல்லாரும் இறங்கித் தள்ளுங்க" என்றார் கண்டக்டர்.

முன்சீட்டில் இருந்த பருத்தி வியாபாரி அசையவில்லை. "அதான் பயில்வான் இருக்காகல்ல, நாம எதுக்கு?"

அதன்பிறகு யாருமே அசையவில்லை. பயில்வான் இறங்க வழிவிட்டு நான் காலை மட்டும் ஒடுக்கிக்கொண்டேன்.

கண்டக்டரும் அவரும், உட்கார்ந்திருந்த எங்கள் இருபது பேரையும் சேர்த்து, எஞ்சின் உறுமும்வரை தள்ளினார்கள். பயில்வான் தோளைப் பிடித்துவிட்டபடி ஏறி வந்தார். நாங்கள் தாராளமாகக் கைதட்டினோம்.

சாயங்காலம் குஸ்தியில் இரண்டாவது பிடியிலேயே அவர் மண்ணைக் கவ்வினார்.

பின்வரிசையிலிருந்து அதே வியாபாரியின் குரல் கேட்டது. "நான் காலையிலயே பார்த்தேன். பஸ்ஸத் தள்ளுறப்பவே மூச்சு வாங்குச்சு. பேருதான் பெருசு."

முதலில் ஆமாம் போட்டது நான்தான். டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்தவனுக்கு ஆத்திரம் வராதா, நீங்களே சொல்லுங்கள்.