காப்புக் கட்டிய ஊரில் எட்டு நாள்

மலேசியாவில், ஈப்போவில் நர்ஸாக இருக்கிறேன். மதுரையைச் சும்மா சுற்றிப் பார்க்காமல் கொஞ்சம் வேலையும் செய்யலாமே என்று, போன பங்குனியில் ஒரு மருத்துவ முகாமுக்குப் பெயர் கொடுத்தேன். ஆனையூரில் அறை. அங்கிருந்து மாட்டுத்தாவணி, பிறகு திருவாதவூர் பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நான் நீட்டிய இருபது ரூபாயைக் கண்டக்டர் செல்லாத நோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

திருவாதவூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். முகாம் நடந்த பள்ளிக்கு எதிரே அம்மன் கோயிலில் கூட்டம். எல்லாரும் கை நீட்டினார்கள், நானும் நீட்டினேன். பூசாரி மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். அர்ச்சனைக் கயிறு என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன்.

அன்று வந்தவர்களில் முத்துக்காளை ஒருவர். நெல் விவசாயி, சர்க்கரை வியாதிக்காரர். வலது கால் பெருவிரலுக்கடியில் புண். வலியே இல்லை என்றார், அதுதான் பயம்; நரம்பு மரத்துப்போயிருக்கும். இன்றே மதுரையில் சேர்க்காவிட்டால் பாதமே போகலாம் என்றார் டாக்டர்.

"காப்புக் கட்டியாச்சு டாக்டரம்மா," என்று மணிக்கட்டைக் காட்டினார். "திருவிழா முடியிற வரைக்கும் எட்டு நாளைக்கு வெளியூர்ல ராத்தங்கக் கூடாது."

டாக்டர் கெஞ்சினார், திட்டினார். மனிதர் அசையவில்லை. அவர் மனைவி செல்வி என் கையைப் பார்த்துவிட்டாள். "அக்கா, ஒங்க கையிலயும் கெடக்கே! நீங்களும் வெளியூருல போய்ப் படுக்க முடியாதுல்ல?"

என்னோடு முகாமுக்கு வந்தவர்கள் கயிற்றை வெட்டக் கத்தரிக்கோலை நீட்டினார்கள். எனக்கு வேறு யோசனை. "நான் அவுக்க மாட்டேன், ஒங்க வீட்லயே தங்குறேன். ரெண்டு வேளையும் புண்ணைச் சுத்தம் பண்ணுவேன். அண்ணன் காலைத் தரையில வைக்கக் கூடாது."

"இம்புட்டுத்தானா? சரி தங்கச்சி," என்றார் முத்துக்காளை. டாக்டர் மாத்திரை எழுதித் தந்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

மீனாட்சி கோயிலும் மகாலும் போயே போயிற்று. காப்புக் கட்டியதால் ஊரில் கறி, மீன் என்று கவிச்சி எதுவும் கிடையாது, கேப்பைக்களியும் கீரையும்தான். சாயங்காலம் முளைப்பாரிக் கும்மி. முத்துக்காளையைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். "மாப்ள, சாமிக்கே நாளைக்கித்தான் சப்பரம். ஒனக்கு இன்னைக்கேவா?" என்று ஒருவர் கேட்க, ஊரே சிரித்தது.

ஆறாம் நாள் விரல் கறுத்தது. நான் அழுதேன், செல்வியும் அழுதாள். "இன்னும் ரெண்டு நாளு," என்றார் அவர். எட்டாம் நாள் காப்பை அவிழ்த்த கையோடு ஆட்டோவில் மதுரைக்குக் கொண்டுபோனோம். பாதம் தப்பியது. பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

"வெரல் போயிருச்சேண்ணே?" என்றேன்.

"வெரலு என்னோடது தாயி. திருவிழாவுல கொறை வந்தா அது ஊருக்குல்ல?"

எனக்குக் கோபமாகவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது.

இந்தப் பக்கம் முகாமுக்கு வருபவர்கள் குடையும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். அதைவிட முக்கியம், தேதி குறிக்குமுன் அந்த ஊரில் என்றைக்குக் காப்புக் கட்டு என்று ஒரு போன் போட்டு விசாரியுங்கள். நாங்கள் ஒரு வாரம் முன்னால் போயிருந்தால் முத்துக்காளைக்குப் பத்து விரலும் இருந்திருக்கும்.