மூன்று மதிப்பெண் சுவர்

மேசைக் கடிகாரத்தில் நாற்பது நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து மாட்டிக்கொண்டு, ஆய்வாளர் அம்மாள் அந்த மாதத்தின் நான்காவது விளையாட்டைத் திறக்கிறார். கணவர் சமையலறையிலிருந்து ஏதோ கேட்கிறார். பதில் கிடையாது. மணி ஓடும்போது அவரோடு பேசினால் சுவரோடு பேசியதற்குச் சமம் என்பது ஆறு வருடமாகக் கணவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பார்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எட்டு கணினி விளையாட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிற சந்தா அது. மாதாமாதம் கட்டுகிறவர்கள் மூட்டை பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அந்த மாதத்தைத் தாண்டிவிடலாம். அம்மாள் மொத்தமாக வருடச் சந்தா கட்டியவர். நல்லதோ கெட்டதோ, எட்டும் அவர் கணக்குக்கு வந்தே தீரும். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கடைசியில் 'எடு' அல்லது 'விடு' என்று ஒரே சொல்லில் கைப்பேசிக் குழுவில் தீர்ப்பு எழுதுவார். ஐம்பத்து மூன்று பேர் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பார்கள்.

பகலில் அவருக்கு வேலை, லிஃப்டுகளைச் சோதிப்பது. இருபத்தாறு வருடமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரை லிஃப்டின் தரையில் வைத்துவிட்டு, அடித்தளத்திலிருந்து உச்சிவரை போய்த் திரும்புவார். ஒரு சொட்டு சிந்தினால் ஒரு மதிப்பெண் போச்சு. எந்த லிஃப்டையும் நடு மாடியிலிருந்து சோதிக்க மாட்டார். அவசரம், முக்கியமான ஆள் வருகிறார் என்று யார் சொன்னாலும், "கீழேருந்து ஆரம்பிப்போம்" என்பார். ஒரு லிஃப்டுக்கு நாற்பது நிமிடம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'நாப்பது நிமிஷம்' தான். "நாப்பது நிமிஷம் கிளம்பிட்டாங்களா?" என்று கேட்பார்கள், அவர் காதிலும் விழும், கோபப்பட மாட்டார்.

விளையாட்டுக்கும் அதே டம்ளர் புத்திதான். நடுவில் தொலைபேசி அடித்தால் நிறுத்திவைக்க முடிகிறதா? மறுநாள் வந்தால் விட்ட இடம் அதற்கு நினைவிருக்கிறதா? பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டபிறகும் பர்ஸைத் திறக்கச் சொல்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "மறுநாள் காலைல பல்லு தேய்க்கும்போது அது ஞாபகத்துக்கு வரணும். வரலைன்னா அது எவ்ளோ பெரிய கம்பெனி செஞ்சதா இருந்தாலும் எனக்கு வேணாம்."

எட்டையும் தனித்தனியாக வாங்கினால் பத்து மடங்கு ஆகும் என்று மூட்டையின் தலையில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்தாலே அம்மாளுக்கு மூக்கு சிவந்துவிடும். "எட்டையும் தனித்தனியா வாங்குற பைத்தியக்காரன் ஒருத்தனக் காட்டச் சொல்லுங்க. ரெண்டு தேறினா எடு. ஒண்ணுதான் தேறுதுன்னா அந்த ஒண்ண மட்டும் கடையில வாங்கிட்டுப் போ. மிச்ச ஏழு எதுக்கு, கம்ப்யூட்டர்ல எடத்த அடைக்கவா?"

கணவர் ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவிக் கழுவிப் பொறுமை கற்றவர். "எனக்கு எத்தனை மார்க்கு, ஒருநாளாச்சும் சொல்லேன்" என்பார்.

"உங்களுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிறேன்ல, அதுலயே தெரியல?"

இந்தச் சந்தாவை அம்மாள் தனியாகத் தொடங்கவில்லை. ஐந்து வயது இளைய தம்பியும் அவரும் ஆறு வருடத்துக்கு முன்னால் பாதிப் பாதி போட்டுத் தொடங்கினார்கள். ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். ஒருவர் விளையாடும்போது இன்னொருவர் நுழைய முடியாது. தம்பிக்குக் கார் பறக்க வேண்டும், துப்பாக்கி வெடிக்க வேண்டும், நின்று நிதானிக்க ஆகாது. அக்கா 'விடு' என்று எழுதினால் அவன் போன் போட்டுச் சண்டை பிடிப்பான். அந்தச் சண்டைக்காகவே சில மாதம் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டதாக அம்மாள் ஒருமுறை கணவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிறகு நிஜமான சண்டை வந்தது. தம்பி கட்டட ஒப்பந்தக்காரன். நாலு வருடத்துக்கு முன்னால் அவன் கட்டிய ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைச் சோதிக்கும் பொறுப்பு அக்காவின் மேசைக்கு வந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. லிஃப்டைத் தூக்கும் கம்பிக் கயிற்றில் இரண்டு இழை பிரிந்திருந்தது. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், பத்துப் பேர் பார்க்க, லிஃப்டின் கதவில் சீல் வைத்தார். "அக்காவா வந்தியா, ஆபீசரா வந்தியா?" என்று கேட்டான் தம்பி. "டம்ளரோட வந்தேன்" என்றார் அம்மாள். அந்த ஒப்பந்தம் அவன் கையை விட்டுப் போனது. அன்றோடு பேச்சு நின்றது.

கணக்கை மட்டும் இருவரும் பிரிக்கவில்லை. தம்பியின் பாதிப் பணம் வந்துவிடும். கூட ஒரு எழுத்து வராது. குழுவிலிருந்தும் அவன் விலகவில்லை, வாயும் திறக்கவில்லை. சில மாலைகளில் அம்மாள் உள்ளே நுழையப் போனால், 'இந்தக் கணக்கு இப்போது வேறு கணினியில் பயன்பாட்டில் உள்ளது' என்று திரை சொல்லும். அதை இரண்டு மூன்று முறை படிப்பார். பிறகு சத்தமில்லாமல் கணினியை மூடிவிட்டுப் போய்த் துணி மடிப்பார். நாலு வருடமாகத் தம்பியைப் பற்றி அவருக்குக் கிடைத்த ஒரே சேதி அதுதான்.

சென்ற மாதம் வருடச் சந்தா முடிகிற கட்டம் வந்தது. தொடர்ந்து மூன்று மாதமாக மூட்டையில் ஒன்றுகூடத் தேறவில்லை. சந்தாவை முடித்து, கணக்கையும் மூடிவிடலாம் என்று அம்மாள் தீர்மானித்தார். "நான் யாருக்கும் சலுகை காட்டினதில்ல, இதுக்கு மட்டும் ஏன் காட்டணும்?" என்று கணவரிடம் சொன்னார். கணவர் கையிலிருந்த வெங்காயத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, "மூடிட்டா அந்தப் பக்கம் ஆளு இருக்கானா இல்லையான்னுகூடத் தெரியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஒன்றைத் தள்ளுபடி செய்வதற்கு முன்னால் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியதை ஒருமுறை மறுசோதனை செய்வது அவருடைய வழக்கம். பட்டியலைப் புரட்டினார். நாலு மாதத்துக்கு முன் வந்த ஒரு சுவர் கழுவும் விளையாட்டு. கையில் ஒரு தண்ணீர்க் குழாய், எதிரே அழுக்குப் பிடித்த சுவர், அவ்வளவுதான். அன்று பன்னிரண்டாவது நிமிடத்தில் கொட்டாவி வந்து மூடியிருந்தார். 'அவசரப்படுத்த இதில் யாருமில்லை. மூன்று மதிப்பெண்' என்று எழுதியிருந்தார்.

கடிகாரத்தில் மணி வைத்தார். விளையாட்டைத் திறந்தார். விட்ட இடத்திலிருந்து தொடரவா, புதிதாகத் தொடங்கவா என்று அது கேட்டது. கீழேருந்து ஆரம்பிப்போம் என்று புதிதாகத் தொடங்கினார். பழையது முழுவதும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. தன்னுடைய பன்னிரண்டு நிமிடம்தானே போகட்டும் என்று சம்மதித்தார்.

நாற்பது நிமிடத்தில் ஒரு சுவரைக் கழுவி முடித்து வெளியே வந்தபோதுதான், அந்த விளையாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தார். 'இதுவரை விளையாடிய நேரம்: 61 மணி 52 நிமிடம்.'

ஐம்பத்திரண்டு நிமிடம் அவருடையது. அறுபத்தொரு மணி நேரம்?

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கணவர் குனிந்து படித்தார். "உன் தம்பி அறுபது மணி நேரம் சுவர் கழுவினானா? வீட்டுல அவன் ஒரு டம்ளர் கழுவி நான் பாத்ததில்லையே."

"எல்லாத்தையும் அழிச்சிட்டேங்க."

"அழிக்கட்டுமான்னு அது கேக்கலியா?"

"கேட்டுச்சு. சரின்னு சொல்லிட்டேன்."

அம்மாள் எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பினார். குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி உள்ளே குடைந்தது. சிக்னலில் பச்சை விழுவதற்குள் மூன்று முறை ஹாரன் அடிக்கிறவன் அவன். அவன் எதற்காக ஒரு தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்? கோபத்தைத் தாங்கிக்கொண்டு நாலு வருடம் இருந்தவருக்கு அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு கால் மணி நேரம் இருக்க முடியவில்லை. போனை எடுத்தார்.

தம்பி மனைவிதான் பேசினாள். "அண்ணியா? நீங்க... தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா, இல்ல கை பட்டுடுச்சா?"

"தெரிஞ்சுதாம்மா. அவன் இருக்கானா?"

மறுமுனையில் குசுகுசுப்பு. பிறகு கொஞ்சம் தள்ளியிருந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தம்பியின் குரல் வந்தது. "என்ன ஆபீசர், எங்க வீட்டு லிஃப்டுக்கும் சீல் வைக்கணுமா? நாங்க இருக்கிறது தரைத் தளம்."

குரல் அவனுடையதுதான். வேகம் அவனுடையது இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக் காலெடுத்து வைப்பதுபோல வந்தது.

"அந்தச் சுவர் கழுவுற விளையாட்டு. உன்னோடத அழிச்சிட்டேன்டா."

"முழுசாவா?"

"முழுசா. கீழேருந்து ஆரம்பிச்சேன்."

"எச்சரிக்கை வந்திருக்குமே."

"வந்துச்சு. என்னோட பன்னெண்டு நிமிஷம்னு நெனச்சேன்."

"ஊர்ல இருக்கிற லிஃப்டுல எல்லாம் எச்சரிக்கையப் படிக்கலைன்னு அபராதம் போட்ட ஆளு நீ." சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "ஒவ்வொரு கட்டடமாக் கழுவி ரயில் நிலையம் வரைக்கும் வந்திருந்தேன். கூரை மட்டும்தான் பாக்கி."

"ஏன்டா அதப் போய் விளையாடின? உனக்குத்தான் கார் பறக்கணுமே."

பக்கத்திலிருந்து அவன் மனைவி, "சொல்லிடுங்களேன், இன்னும் எத்தனை நாளைக்கு" என்றாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"வலது கை சரியில்லக்கா" என்றான் தம்பி. "அஞ்சு மாசமாச்சு. ஒருநாள் காலைல எழுந்தேன், அது எழுந்திருக்கல. பேச்சும் கொஞ்சம் போயி, அது திரும்பி வந்துடுச்சு. கைதான் மெதுவா வருது."

அம்மாள் நாற்காலியைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னாங்க. நாலு நாள் அமுக்கினேன். அஞ்சாம் நாள் ஜன்னல் வழியா எறிஞ்சுட்டேன்."

"இடது கையால" என்றாள் மனைவி.

"சரி, இடது கையால. அப்புறம் கார் ஓட்டிப் பாத்தேன். விரல் திரும்புறதுக்குள்ள கார் பள்ளத்துல கெடக்கும். எதத் தொறந்தாலும் யாராவது தொரத்துறான், இல்ல நேரம் ஓடுது. அப்பதான் உன் லிஸ்டப் பாத்தேன். அவசரப்படுத்த யாருமில்லைன்னு மூணு மார்க்கு போட்டிருந்தியே. அதுக்காகத்தான் தொறந்தேன். தினம் அரை மணி நேரம். கை நின்னு போனாக்கூட அழுக்கு எங்கயும் போகாது, நான் வர்ற வரைக்கும் அங்கயே நிக்கும்."

"நான் எழுதினத நம்பியாடா?"

"நீ பொய் எழுத மாட்டே. அதுலதான எனக்கு உன் மேல கோவமே."

அம்மாளின் கண்கள் நிறைந்துவிட்டன. அழுதால் அவனுக்குக் கேட்டுவிடும் என்று வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். கணவர் அந்தப் பக்கமாகத் திரும்பி, காய்ந்துபோன துணியை மறுபடியும் உதறினார்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று கடைசியில் கேட்டார்.

"சொன்னா வந்து என் கையில தண்ணி டம்ளர வச்சுப் பாப்பே."

"பாத்திருப்பேன்தான்."

"பாத்தியா." இம்முறை அவன் சிரித்தது தெளிவாகக் கேட்டது. பிறகு குரல் இறங்கியது. "கூரைய நெனச்சாத்தான் வயிறு எரியுதுக்கா. மூணு வாரமா அதுக்கே கை பழகிட்டிருந்தேன். பரவால்ல. ஆரம்பத்துல கழுவினதெல்லாம் அரைகுறை, பாதிக்கு மேல அழுக்குத் திட்டுத் திட்டா நின்னுச்சு. இப்ப கழுவினா நல்லா வரும். நீ எவ்ளோ கழுவின?"

"ஒரு சுவரு."

"அத அழிச்சிடாத. அதுலேருந்தே போறேன். ஞாயித்துக்கிழமை நீ கழுவு, மத்த நாள் நான் பாத்துக்கறேன். மார்க்கு மட்டும் போடாத."

"அடுத்த ஞாயிறு நேர்ல வரேன்."

"டம்ளரோடயா?"

"சும்மாத்தான் வரேன்."

போனை வைத்தபிறகு அம்மாள் கைப்பேசிக் குழுவைத் திறந்து கணவரிடம் நீட்டினார். குழுவில் பதினோரு பேர் கேட்டிருந்தார்கள்: வருடச் சந்தாவைத் தொடரலாமா, கூடாதா? எடுவா, விடுவா? கணவர் அவற்றைப் படித்துவிட்டு, "இவங்களுக்கு என்ன சொல்லப் போற?" என்றார்.

அம்மாள் அவரைப் பார்த்தார். கடிகாரத்தை எடுத்துக் கணவரின் கையில் கொடுத்தார். மேசையின் வலது பக்கத்தில் இருந்த மவுஸைத் தூக்கி, அதன் ஒயரைக் கணினிக்குப் பின்னால் சுற்றி இழுத்து, இடது பக்கத்தில் வைத்தார். பேனாகூடப் பிடித்துப் பழகாத தன் இடது கையை அதன்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு, இரண்டாவது சுவரைக் கோணலும் மாணலுமாகக் கழுவத் தொடங்கினார்.