பளிச்சு தேய்த்தெடுத்த பொருக்கு

ஆண்கள் காய்ச்சல் வார்டில் அவளுக்குப் பெயர் பளிச்சு. பத்தொன்பது வருடமாக அங்கே ஆயா வேலை. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் இருபத்து நாலு பேரையும் வெந்நீரில் துடைத்து, விரிப்பு மாற்றி, தலை வாரி வைத்துவிடுவாள். யார் உடம்பிலாவது அழுக்கைக் கண்டால் போச்சு, கூட வந்தவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். "பெத்தவரத்தானே கூட்டிட்டு வந்திருக்கீங்க? குப்பைமேட்டுலேருந்து தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு!"

அப்பேர்ப்பட்டவளின் புருஷன் இப்போது அதே வார்டில் ஒன்பதாம் படுக்கையில் கிடந்தான். மின்கம்பிகளுக்கு அடியில் மண்டும் புதரை வெட்டுவது அவன் வேலை. காய்ச்சல் வந்து எட்டு நாள். நாலு நாளாக ஊசி ஏறியும் இம்மியும் இறங்கவில்லை. டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று காகிதம் காகிதமாக வந்தது. இல்லை என்று சொல்லத்தான் இத்தனை ரத்தம் எடுத்தார்களா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. காலையிலிருந்து அவனுக்கு மூச்சு வாங்கியது. கூப்பிட்டால் திரும்பினான், ஆனால் அவளை யாரென்று தெரியவில்லை.

புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவுக்கு அவள் மகள் வயசுதான் இருக்கும். டார்ச் அடித்து அவன் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க மேடம்?"

"ஒரு பொருக்குக்கா. கறுப்பா, சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கும். புதர்ல இருக்கிற பொடிப் பூச்சி கடிச்ச இடம். வலிக்காது, அரிக்காது, அதனால யாரும் சொல்ல மாட்டாங்க. அது மட்டும் இருந்தா உண்ணிக் காய்ச்சல்னு உடனே மருந்த மாத்திடலாம். இவருக்கு ஒண்ணையும் காணோமே."

பளிச்சு அவன் இடது கையைப் பார்த்தாள். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் வீட்டில் துடைத்துவிட்டபோது இடது அக்குளில் அதைப் பார்த்திருந்தாள். "எருமை மேலகூட இவ்வளவு அழுக்கு இருக்காது" என்று திட்டி, வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்தெடுத்து, களிம்பு தடவினாள். "தோலையாவது விட்டு வையிடி" என்று அவன் முனகினான்.

"இடது அக்குள்ல இருந்துச்சு மேடம், நான்தான் எடுத்துட்டேன்" என்றாள். "அழுக்குன்னு நெனச்சேன். பாவி, நானே தேச்சு எடுத்துட்டேன்."

டாக்டரம்மா அவன் கையைத் தூக்கிப் பார்த்தார். பயறளவு சிவந்த தடம் இருந்தது. "இத்தன நாள் போட்ட ஊசி இதுக்குக் கேக்காது" என்று நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினார். "ரெண்டு நாள் போகட்டும்க்கா. நுரையீரல் வரைக்கும் போயிருக்கு. இப்ப எதுவும் சொல்ல முடியாது."

அந்த இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அவன் பக்கத்திலேயே கிடந்தாள். சாமியை வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பாள்? போன மழைக்காலத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் இதே வார்டில் இருந்தார். அவர் காதுக்குப் பின்னாலும் கறுப்பாக ஒன்று இருந்தது. அதையும் தேய்த்தெடுத்து, "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கீங்க" என்று சொன்னாள். அப்புறம்தான் டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். ஐந்தாம் நாள் பெரியவர் போய்விட்டார். என்ன காய்ச்சல் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் மகள் இவள் கையிரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்கப்பாவ எவ்வளவு சுத்தமா வெச்சிருந்தீங்கக்கா" என்று அழுதாள். அதை வார்டு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவள் இவள். அவருக்கு முன்னால் எத்தனை பேரோ! கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. நெற்றி சில்லென்றிருந்தது. கண்ணைத் திறந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏண்டி, குளிச்சு எத்தன நாளாச்சு? நாறுது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் கையை விடவே மனமில்லை.

அதற்குள் நர்ஸ் கூப்பிட்டாள். "அக்கா, பதினாலாம் பெட்டுக்குப் புது ஆள். காட்டு வேலை பாக்குறவராம், ஒரே மண்ணு. டாக்டர் வர்றதுக்குள்ள தொடச்சிடுங்க."

பளிச்சு வாளியோடு போனாள். துணியைப் பிழிந்தாள். கை மேலே எழவில்லை. "மொதல்ல டாக்டர் பாக்கட்டும்" என்று துணியை வாளியிலேயே போட்டாள். மண்ணும் அழுக்குமாகக் கிடந்த அந்த மனிதரின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஆடு மேய்த்த பெரியவருக்காக அழத் தொடங்கினாள்.