கெரார்டி என்ற பெயரைத் தேடி ரொக்ஸ்பரோவிலிருந்து சென்ட்-லெனார்ட் வரை

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது யாராவது ஊர் சுற்றக் கிளம்புவார்களா? நான் கிளம்பினேன். கோபம் வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது.

விஷயம் இதுதான். என் கணவர் மார்க்கோ கெரார்டி, மொன்றியலில் பிறந்த இத்தாலியப் பிள்ளை. பிறக்கப்போகும் குழந்தைக்கு என் குடும்பப் பெயரையும் சேர்ப்போம் என்று அதற்கு முந்தின மாதம் மாமனாரிடம் சொன்னேன். அவர் பேசுவது பிரெஞ்சு கலந்த ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி எங்கள் தமிழிலேயே தருகிறேன். "உம்மடது குடும்பப் பேரே இல்லை, அது தேப்பன்ர பேர். எங்கட பேர் பரம்பரைப் பேர். சுத்த இத்தாலியன்!"

சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரைப் போடுவோம், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். கனடாவுக்கு வந்தபோது என் அப்பாவின் பெயரான வேலாயுதம் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. எனக்கு ஏழு வயதிலேயே அப்பா போய்விட்டார். கூடப்பிறந்தவர்களும் இல்லை. நானும் விட்டால் அந்தப் பெயர் என்னோடு சரி.

எங்களோடு இருக்கும் அம்மாவிடம் சொன்னால் அவர் சர்வசாதாரணமாக, "இதுக்கேன் பிள்ளை சண்டை? மார்க்கோ எண்டு போட்டுவிடன். தேப்பன்ர பேரைத்தானே போடுறது?" என்றார். அதாவது குழந்தையின் குடும்பப் பெயர் மார்க்கோ! மாமனார் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அப்படி என்ன பெரிய பரம்பரை, பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிறு காலை 9.40க்கு மார்க்கோவையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். மதியம் மாமனார் வீட்டில் சாப்பாடு, அதற்கு முன் லிட்டில் இத்தாலிப் பக்கம் ஒரு நூலகம். எங்கள் வீட்டுப் பக்கம் ரொக்ஸ்பரோவில் ரயிலேறி எதுவார்-மோன்பெத்தியில் இறங்கி, நீலப் பாதை மெட்ரோவில் து காஸ்தெல்னோ. ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். எதுவார்-மோன்பெத்தி நிலையம் பாதாளத்தில் இருக்கிறது. லிப்டுக்குக் காத்திருங்கள், படியை நினைத்தும் பார்க்காதீர்கள். இறங்கிய இடத்துக்கு அருகிலுள்ள சந்தையில் இரண்டு காப்பியும் கன்னோலி என்ற இத்தாலிய இனிப்பு ஒன்றும் பதினோரு டாலர். கன்னோலியை நானே முழுதாகச் சாப்பிட்டேன்.

நூலகத்தில் இத்தாலியக் குடும்பப் பெயர்களுக்கென்றே தடித்த அகராதி இருந்தது. மார்க்கோ வாசித்து வாசித்து மொழிபெயர்த்தார். கெரார்டி என்றால் கெரார்டோவின் வழிவந்தவர்கள். கெரார்டோ என்பது இத்தாலியச் சொல்லே அல்ல, பழைய ஜெர்மானியப் பெயர். முதல் பாதிக்கு ஈட்டி, மறுபாதிக்கு வலிமை என்று பொருள். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கிலிருந்து வந்த லொம்பார்டியரும் பிராங்கியரும் இப்படிப்பட்ட பெயர்களை இத்தாலிக்குக் கொண்டுவந்தார்களாம்.

எனக்கு வந்த சிரிப்பில் வயிற்றுக்குள் இருந்தது ஒரு உதை விட்டது. சுத்த இத்தாலியனாம்! வந்தேறிகளின் பெயர், அதுவும் யாரோ ஒரு அப்பாவின் பெயர்!

"என்ர அப்பான்ர பேருக்கும் ஈட்டிதான் அர்த்தம், தெரியுமோ? வேல், ஆயுதம்" என்றேன்.

"அப்ப எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் குத்தா?" என்றார் மார்க்கோ.

மறுபடி நீலப் பாதையில் சென்-மிஷேல், அங்கிருந்து 141 பேருந்து. ஒரு மணிக்குச் சென்ட்-லெனார்ட்டில் மேசைக்கு முன்னால் இருந்தோம். இரண்டாவது தட்டு வரும்வரை பொறுத்தேன், பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"புத்தகம் பிழை" என்றார் மாமனார்.

"நான்தான் வாசிச்சனான், பப்பா" என்றார் மார்க்கோ. அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

மாமனார் விடவில்லை. "சரி, ஜெர்மன் எண்டே வையும். ஆனா எங்கட பேர் எத்தனை தலைமுறை கண்டது! உம்மடது ஒரு தலைமுறைப் பேர்."

"முதல் கெரார்டோன்ர பிள்ளைக்கும் அது ஒரு தலைமுறைப் பேர்தான் மாமா. ஆரோ ஒரு ஆள் விடமாட்டன் எண்டு பிடிச்சு வச்சிருந்தபடியாத்தான் அது பரம்பரை ஆனது. எங்கட வீட்டில அந்த ஆள் நான்."

மாமனார் முள்ளுக்கரண்டியை வைத்தார். "அப்ப எது முதல்?"

"வேலாயுதம்."

அவர் எழுந்து காப்பி போடப் போய்விட்டார். சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள், இன்றுவரை அவர் சம்மதிக்கவில்லை. நான் அவரிடம் சம்மதம் கேட்கவும் இல்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறில் ரயில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சந்தைக்குப் பத்து மணிக்கு முன் போனால் நெரிசல் இல்லை. இதே சண்டை உங்கள் வீட்டிலும் இருந்தால், கியூபெக்கில் தாயின் பெயரையும் தகப்பனின் பெயரையும் சேர்த்தே வைக்கலாம், யார் தயவும் வேண்டாம். அம்மா சொன்னபடி மார்க்கோ என்று மட்டும் வைக்க முடியாது. அதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

மகள் பிறந்துவிட்டாள். நேற்று ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இடம் கேட்டுப் போன் செய்தேன். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி வேலாயுதம்-கெரார்டி என்று முடித்தபோது மறுமுனையில் ஒரு பெருமூச்சு. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு எழுதலாமா என்று அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"நோன், மெர்சி", வேண்டாம் நன்றி என்றேன். மறுபடியும் முதல் எழுத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.